டச்சு மொழி: புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நெதர்லாந்துக்கு வேலைக்கோ குடும்பத்தோடோ வந்து சேரும் தமிழர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. டச்சுச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ‘ஃக’ என்று இருந்தால் அது தொண்டையில் உரசும் ஒலி. ‘ஃப’ என்று இருந்தால் மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். மற்றவற்றை எழுதியபடியே படியுங்கள். தமிழ் எழுத்துக்கு எட்டாத ஒலி வரும்போது அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

டச்சு, பிளெமிஷ், ஒல்லாந்து மொழி என்று மூன்று பெயர் சொல்கிறார்களே, மூன்றும் ஒன்றா?

ஒன்றுதான். அந்த மக்கள் தங்கள் மொழியை ‘நேடர்லன்ட்ஸ்’ என்கிறார்கள். பெல்ஜியத்தின் வடபகுதியில் பேசுவதைப் பிளெமிஷ் என்கிறோம். மதுரைத் தமிழுக்கும் யாழ்ப்பாணத் தமிழுக்கும் இடையே உள்ள தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டு இரண்டு நாட்டுக்கும் பொது. அதைக் கவனிக்கவே 1980இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்து ஒரு மொழி ஒன்றியத்தை அமைத்தன. தென் அமெரிக்காவில் சுரினாமின் ஆட்சிமொழியும் இதுவே. தாய்மொழியாகப் பேசுபவர்கள் சுமார் 2.5 கோடிப் பேர்.

எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். டச்சு எளிதாக வந்துவிடுமா?

சொற்கள் எளிதாக வரும். தண்ணீருக்கு ‘வாட்டர்’, கைக்கு ‘ஹன்ட்’, ஆப்பிளுக்கு ‘அப்பல்’. ஆனால் காலை வாரிவிடும் சொற்களும் உண்டு. ‘வீ’ என்றால் ‘நாங்கள்’ அல்ல, ‘யார்’. ‘ஸ்லிம்’ என்றால் புத்திசாலி. உங்கள் மகள் ஸ்லிம் என்று பள்ளி ஆசிரியை சொன்னால், பிள்ளை இளைத்துவிட்டாள் என்று பால் காய்ச்ச ஓட வேண்டாம்.

ஒலிப்பிலும் வாக்கிய அமைப்பிலும் ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தமிழைக் கையில் எடுங்கள் என்பதுதான் என் கட்சி. ஆங்கிலேயர் திணறும் பல இடங்களில் நமக்குப் பாதை ஏற்கெனவே போட்டிருக்கிறது. இதை எந்தப் பாடநூலும் நமக்குச் சொல்வதில்லை, ஏனென்றால் அவை நம்மை நினைத்து எழுதப்பட்டவை அல்ல.

எல்லோரும் பயமுறுத்தும் அந்தக் காறல் ஒலியை எப்படிச் சொல்வது?

ஆங்கில ‘ஜி’ எழுத்தையும் ‘சி-ஹெச்’ சேர்க்கையையும் பார்த்தால் இந்த ஒலி. காறித் துப்புவதுபோல் முயன்றால் தொண்டைதான் புண்ணாகும். இப்படித் தொடங்குங்கள்: ‘கல்’ என்று சொல்லுங்கள், பிறகு ‘மகன்’, ‘பகல்’ என்று இயல்பாகச் சொல்லுங்கள். நடுவில் வரும் ககரம் ‘கல்’லின் ககரம் இல்லை. அங்கே நாக்கு அண்ணத்தை முழுதாக ஒட்டாமல், காற்று நழுவிப் போகிறது. அந்த நழுவலைக் கொஞ்சம் நீட்டினால் தெற்கத்தி ‘மென்மையான ஃக’ வந்துவிடும். இன்னும் பின்னால் தள்ளி உரசவிட்டால் ஆம்ஸ்டர்டாம்காரர்களின் முரட்டு ஃக.

நாட்டைக் குறுக்கே வெட்டி ஓடும் ரைன், மாஸ் முதலிய பெரிய ஆறுகளுக்குத் தெற்கே, அதாவது பிராபன்ட், லிம்பர்க் மாகாணங்களிலும் பெல்ஜியத்திலும், மென்மையான ஒலிதான் வழக்கம். ஆகவே உங்களுக்கு மென்மையாகத்தான் வருகிறது என்றால் அது பிழை ஆகாது. ஐந்தோவன் பக்கத்து ஆள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பயிற்சிக்கு ஒரு பெயர்: நாம் வான்கோ என்று எழுதும் ஓவியர் இங்கே ‘ஃபன் ஃகொஃக்’. தொடக்கத்திலும் ஃக, முடிவிலும் ஃக. இன்னும் தைரியம் இருந்தால் டென் ஹாஃக் (தி ஹேக்) நகரை ஒட்டிய கடற்கரை ஊரான ‘ஸ்ஃகேவனிங’வைச் சொல்லிப் பாருங்கள். ஜெர்மானியர்கள் இதை ‘ஷ’ என்று தொடங்கிவிடுவார்கள் என்பதால், இரண்டாம் உலகப் போரின்போது வேற்றாளைக் கண்டுபிடிக்க இந்த ஊர்ப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள் என்று இன்றும் கதை சொல்வார்கள்.

ஒரே சொல் ஒருமையில் இரண்டு ‘ஏ’, பன்மையில் ஒரே ‘ஏ’ என்று எழுத்து மாறுகிறதே, ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் விடை நம் பள்ளி இலக்கணத்திலேயே இருக்கிறது.

‘மன்’ என்றால் ஆள். எம்-ஏ-என் என்று எழுதுவார்கள். ‘மான்’ என்றால் நிலா. எம்-ஏ-ஏ-என். குறிலுக்கு ஓர் எழுத்து, நெடிலுக்கு இரண்டு. இதுவரை சிக்கல் இல்லை. பன்மைக்கு ‘இ-என்’ சேர்க்க வேண்டும். அப்போது ஆட்களுக்கு எம்-ஏ-என்-என்-இ-என்: மெய் இரட்டிக்கிறது. நிலாக்களுக்கு எம்-ஏ-என்-இ-என்: மெய் இரட்டிக்கவில்லை, உயிரெழுத்தும் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

இப்போது தமிழைப் பாருங்கள். கல் + ஐ = கல்லை. கால் + ஐ = காலை. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். நெடில் முன் இரட்டாது. அதே விதி! மெய் இரட்டித்திருந்தால் முன்னால் குறில், இரட்டிக்காமல் இருந்தால் முன்னால் நெடில். நெடில் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடுவதால் இன்னோர் ‘ஏ’ வீண் என்று டச்சுக்காரர்கள் விட்டுவிட்டார்கள். சிக்கனக்காரர்கள் என்று அவர்களுக்குப் பெயர் சும்மாவா வந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. நாம் ‘கல்லை’யில் லகரத்தை அழுத்தி இருமுறை சொல்கிறோம். டச்சில் இரட்டிப்பு தாளில் மட்டும்தான், வாயில் ஒரே ‘ன’தான். ஆட்கள் ‘மன’, நிலாக்கள் ‘மான’. இறுதி ‘என்’ எழுத்தையும் பேச்சில் பெரும்பாலோர் விழுங்கிவிடுவார்கள். அங்கே மிஞ்சும் உயிர் தெளிவான அகரமும் இல்லை. ‘காசு’, ‘பந்து’ என்பவற்றின் கடைசியில் தேய்ந்து ஒலிக்கும் குற்றியலுகரத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

‘யு-யு’, ‘இ-யு’, ‘யு-ஐ’ என்று எழுதும் உயிர்கள் தமிழில் இருக்கின்றனவா?

இல்லை. ஆனால் வாயால் செய்ய முடியும். ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவியுங்கள்: அது யு-யு. இனி இந்தப் பக்கத்தில் ‘யூ’ என்று எழுதினால் இந்த ஒலிதான். ‘ஏ’ சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஓ’வுக்குக் குவித்தால் இ-யு. ‘எய்’ என்பதை முழுக்கக் குவித்த உதட்டோடு சொன்னால் ஏறக்குறைய யு-ஐ. கண்ணாடி முன் நின்று பத்து நாள் செய்யுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

வீட்டுக்கு டச்சில் உள்ள சொல்லில் இந்த யு-ஐ இருக்கிறது. தென்மேற்கே ஜேலன்ட் மாகாணத்துப் பேச்சில் அது இன்றும் கூட்டொலி ஆகாமல், பழைய முறையில் ‘யூ’ என்ற ஒற்றை உயிரோடே ஒலிக்கிறது. நம் ‘கக்கூஸ்’ டச்சிலிருந்து வந்த சொல். அதன் பின்பாதி இந்த வீடுதான். நாம் ‘கூஸ்’ என்று ஊகாரத்தில் பிடித்துக்கொண்டது அந்தப் பழைய ஒலிப்பைக் கேட்டுத்தானோ என்பது என் ஊகம்.

‘ஐ-ஜே’, ‘இ-ஐ’ இரண்டும் ஒரே ஒலி: ‘எய்’. நெய், மெய், செய் என்பவற்றில் இருப்பதே. மே மாதம் டச்சில் ‘மெய்’, முட்டை ‘எய்’. ஆங்கிலப் பழக்கத்தில் ‘மை’, ‘ஐ’ என்று விரித்துவிடாதீர்கள்.

மெய்யொலிகளில் தமிழர்கள் எங்கே தவறுகிறோம்?

முதலில் நல்ல செய்தி. ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்து நெதர்லாந்தில் அச்சு அசலாக நம் வகரம். ஆங்கில வகுப்பில் உதட்டைக் குவிக்கச் சொல்லி வாங்கிய திட்டையெல்லாம் மறந்துவிடலாம். ‘ப’, ‘ட’, ‘க’ ஒலிகளில் ஆங்கிலேயர்போல் காற்றை ஊதக்கூடாது. நாம் ஊதுவதே இல்லை. ரகரத்தையும் தமிழில் உருட்டுவதுபோலவே உருட்டலாம்.

கெட்ட செய்தி: ‘பக்’ என்றால் பொட்டலம், ‘பக்’ என்றால் தொட்டி. இரண்டையும் தமிழில் எழுதினால் ஒன்றாகத்தான் இருக்கும், அதுதான் நோய். நம் மொழியில் வல்லினம் முதலில் வந்தால் வன்மை, மெல்லினத்துக்குப் பின் வந்தால் மென்மை. இடம் தீர்மானிக்கிறது, நாம் யோசிப்பதில்லை. டச்சில் சொல்லின் தொடக்கத்திலேயே இரண்டும் வரும், பொருளும் மாறும். மருந்து ‘பம்பரம்’. முதல் பகரமும் இரண்டாம் பகரமும் வேறு வேறு என்று கையைத் தொண்டையில் வைத்தால் தெரியும். இரண்டாவதில் அதிர்வு உண்டு. அந்த இரண்டாம் பகரத்தைப் பிடுங்கி முதலில் வைத்தால் தொட்டி. முதல் பகரம் பொட்டலம்.

‘டி’யில் முடியும் சொல்லை ஏன் வன்மையாகச் சொல்கிறார்கள்?

சொல்லின் இறுதியில் வல்லினம் மென்மையாக ஒலிக்காது என்பது டச்சு வழக்கம். நாய்க்கான ‘ஹொன்ட்’ எழுத்தில் ஆங்கில ‘டி’யில் முடிந்தாலும் வன்மையாகவே ஒலிக்கும். பன்மையாக ‘ஹொண்ட’ ஆகும்போது, ‘வண்டி’யில் உள்ள டகரம்போல் மென்மை திரும்பிவிடும். சொற்கள் சேரும்போதும் அவர்களுக்குப் புணர்ச்சி உண்டு, எழுத்தில் காட்டமாட்டார்கள், அவ்வளவுதான்.

‘ட’, ‘ஹட்’: எந்தப் பெயர்ச்சொல்லுக்கு எது?

ஆங்கில ‘தி’க்கு டச்சில் இரண்டு வடிவம். ‘ட’ பெரும்பான்மை, ‘ஹட்’ சிறுபான்மை. மேசை ‘ட’, வீடு ‘ஹட்’, புத்தகம் ‘ஹட்’. காரணம் கேட்காதீர்கள், உயர்திணை அஃறிணைபோல் பொருள் பார்த்துப் பிரித்ததல்ல. பன்மை எல்லாம் ‘ட’. சின்னது என்று காட்டும் சிறுமைப்பெயர் எல்லாம் ‘ஹட்’. அதனால் சிறுமி என்ற ‘மெய்ஷ’வும் ‘ஹட்’தான். இவை தவிர மற்றதை மனப்பாடம் செய்ய வேண்டும். சொல்லைத் தனியாக எழுதி வைக்காமல் ‘ஹட் புக்’ என்று சேர்த்தே குறித்து வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

தவறினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஆனால் பெயரடையிலும் அது எதிரொலிக்கும்: சிறிய மேசைக்கு ‘அன் கிளெய்ன டாஃபல்’, சிறிய வீட்டுக்குக் கடைசி உயிர் இல்லாமல் ‘கிளெய்ன்’. இருபது ஆண்டு இங்கே வாழ்ந்தவர்களும் இதில் சறுக்குவதைக் கேட்டிருக்கிறேன். நானும் சறுக்குகிறேன்.

எதற்கெடுத்தாலும் சொல்லின் முடிவில் ‘ய’, ‘ச்ச’ என்று ஒட்டுகிறார்களே, அது என்ன?

அதுதான் சிறுமை விகுதி. சின்னது என்ற பொருளுக்கும், செல்லத்துக்கும், சும்மா பேச்சு வாக்கிலும் ஒட்டுவார்கள். ஒரு கிளாஸ் பீர் ‘பீர்ச்ச’. அரை லிட்டர் கோப்பையானாலும் அதே ‘பீர்ச்ச’.

இந்த விகுதியை நாம் வெகு காலமாக வாயில் வைத்திருக்கிறோம். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தார்கள்; 1795, 1796இல் இலங்கைக் கரையோரத்தை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் விட்டுச்சென்ற சொற்களில் ஒன்று இலங்கைத் தமிழரின் ‘போஞ்சி’. அவரைக்கு டச்சில் ‘போன்’, சின்ன அவரை ‘போன்ச்ச’. மேசை இழுப்பறையை அங்கே ‘லாச்சி’ என்பார்கள். டச்சில் இழுப்பறை ‘லாட’, சின்னது ‘லாச்ச’. அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பதும் ‘கன்டோர்’தான். யாழ்ப்பாணத்துப் பாட்டி ஒருவர், “லாச்சிக்குள்ளே போஞ்சி விதை வைச்சனான்” என்று சொன்னால் அவர் இரண்டு டச்சுச் சிறுமைப்பெயர்களைப் பிழையின்றிச் சொல்லியிருக்கிறார்.

வாக்கியத்தில் வினைச்சொல்லை எங்கே வைப்பது?

இரண்டு விதி. இரண்டும் பிடிபட்டால் டச்சு இலக்கணத்தின் முதுகெலும்பு பிடிபட்டது.

முதல் விதி, தனி வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில். ‘நான் நாளை காபி குடிக்கிறேன்’ என்பது ‘இக் டிரிங்க் மொர்ஃக கொஃபி’: நான், குடிக்கிறேன், நாளை, காபி. நாளை என்பதை முன்னால் கொண்டுவந்தால் ‘மொர்ஃக டிரிங்க் இக் கொஃபி’. முதல் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இரண்டாவது நாற்காலி வினைக்கு ஒதுக்கப்பட்டது. எழுவாய் எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போக வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவர்கள் ‘மொர்ஃக இக் டிரிங்க்’ என்று சொல்லி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டாம் விதி, ‘ஏனென்றால்’, ‘என்று’, ‘போது’ போன்ற இணைப்புச் சொல்லோடு வரும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும். ‘ஒம்டட் இக் மொர்ஃக இன் யூட்ரெஃக்ட் கொஃபி டிரிங்க்’. சொல்லுக்குச் சொல் வைத்துப் பாருங்கள்: இக் நான், மொர்ஃக நாளை, இன் யூட்ரெஃக்ட் உத்ரெக்டில், கொஃபி காபி, டிரிங்க் குடிப்ப... ‘நான் நாளை உத்ரெக்டில் காபி குடிப்பதால்’. நாம் பின்னால் ஒட்டும் ‘-ஆல்’ அவர்களுக்கு ‘ஒம்டட்’ என்று முன்னால் வந்திருக்கிறது. மற்ற வரிசை அப்படியே தமிழ். வகுப்பில் ஆங்கிலேயர் ஒருவரும் பிரேசில் பெண் ஒருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த பாடத்தில் நான் ஒருவன் மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்த நாள் அது ஒன்றுதான்.

துணை வினை வந்தால் இரண்டு விதியும் சேர்ந்து வேலை செய்யும். ‘இக் வில் மொர்ஃக கொஃபி டிரிங்க’: விரும்புவது இரண்டாம் இடத்தில், குடிப்பது கடைசியில், நடுவில் மற்றதெல்லாம். டச்சு ஆசிரியர்கள் இதை இடுக்கி என்பார்கள். இரண்டு கையும் சேரும்வரை, அதாவது கடைசிச் சொல் வரும்வரை, என்ன சொல்ல வருகிறார் என்று தெரியாது. தமிழ் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தக் காத்திருப்பு புதிதல்ல.

‘ஒப்பெல்ல’ என்று அகராதியில் இருக்கிறது. பேசும்போது ‘பெல்’ ஓரிடத்தில், ‘ஒப்’ ஓரிடத்தில் கிடக்கிறதே?

பிரிபடும் வினை. தொலைபேசியில் அழைப்பதற்கு ‘ஒப்பெல்ல’. ‘உன்னை நாளை அழைக்கிறேன்’ என்பது ‘இக் பெல் ய மொர்ஃக ஒப்’. வால் அறுந்து கடைசியில் விழுகிறது. துணை வாக்கியத்தில் வினையே கடைசிக்குப் போவதால் வாலும் தலையும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கேட்கும்போது கடைசி வாலைத் தவறவிட்டால் பொருளே மாறிவிடும்.

வினைக்குத் திணை, பால் எல்லாம் உண்டா?

தமிழோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ‘இக் வெர்க்’ நான் வேலை செய்கிறேன். நீ, அவன், அவள், அது: எல்லாவற்றுக்கும் ‘வெர்க்ட்’. பன்மை எல்லாம் ‘வெர்க்க’. வந்தான், வந்தாள், வந்தது என்று பழகியவர்களுக்கு இது விடுமுறை. ஒரே ஒரு வளைவு: கேள்வியில் ‘நீ’ பின்னால் போனால் ‘ட்’ உதிர்ந்துவிடும், ‘வெர்க் யெய்?’

இறந்தகாலத்தில் வன்மையான ‘ட’வா, மென்மையான ‘ட’வா என்ற குழப்பத்துக்கு ஒரு மந்திரச் சொல் இருக்கிறதாமே?

‘கொஃப்ஸ்ஃகிப்’. பழைய பாய்மரக் கப்பல் வகை ஒன்றின் பெயர். முன்னால் ஒரு ‘ட்’ சேர்த்துச் சொல்வார்கள். அதில் உள்ள மெய்களில் வினையடி முடிந்தால் வன்மையான விகுதி: வெர்க், வெர்க்ட. மற்றவற்றுக்கு மென்மையானது: வசிப்பதற்கான ‘வோன்’, ‘வோண்ட’. கப்பல் என்ன, வன்மைக்குப் பின் வன்மை என்று நினைத்தாலே போதும்.

‘இல்லை’ என்பதற்கு ஏன் இரண்டு சொல்?

‘ஒரு’ போட்டுச் சொல்லக்கூடிய பெயர்ச்சொல்லையோ, முன்னால் எதுவும் இல்லாமல் வரும் பெயர்ச்சொல்லையோ மறுத்தால் ‘ஃகேன்’, மற்றவற்றுக்கு ‘நீட்’. என்னிடம் கார் இல்லை, பணம் இல்லை: ஃகேன். நான் வரவில்லை: நீட்.

நீ, நீங்கள் வேறுபாடு உண்டா?

உண்டு. ‘யெய்’ அல்லது அழுத்தமின்றி ‘ய’ என்பது நீ. ‘யூ’ என்பது நீங்கள். நம் அளவுக்கு வயது பார்க்கமாட்டார்கள். மேலாளரையும் ‘ய’ என்றே அழைக்கச் சொல்வார்கள். முதல் வாரம் நமக்கு நாக்கு கூசும். முதியவர், மருத்துவர், காவலர் என்றால் ‘யூ’ என்று தொடங்குங்கள். அவர்களே ‘ய போதும்’ என்பார்கள்.

எண்களும் மணியும் ஏன் தலைகீழாக இருக்கின்றன?

இருபத்தைந்தை ‘ஐந்தும் இருபதும்’ என்பார்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்லும்போது பேனா தடுமாறும். முதலில் கேட்டதை இரண்டாவது கட்டத்தில் எழுதப் பழகுங்கள்.

மணி அதைவிட மோசம். ‘ஹல்ஃப் டிரீ’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘அரை மூன்று’. மூன்றரை என்று நினைத்து ஒருமுறை பல் மருத்துவரிடம் மூன்றரைக்குப் போய் நின்றேன். அவர்கள் சொன்னது இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வழி என்று கணக்கு. வரவேற்பில் இருந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வராததற்கான கட்டணத்தைச் சொன்னார். அந்தத் தொகையை மட்டும் டச்சில் முதல் தடவையிலேயே சரியாகப் புரிந்துகொண்டேன். 2.25 மணிக்கு ‘அரை மூன்றுக்கு ஐந்து முன்’ என்பார்கள் என்பதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நிலைவரை படிக்க வேண்டும்?

2022 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த குடியேறிகள் ஒருங்கிணைப்புச் சட்டம் பொதுவாக பி1 நிலையை, அதாவது ஐரோப்பிய மொழி அளவுகோலின் இடைநிலைப் படியை, இலக்காக வைக்கிறது. இரண்டாம் மொழியாகப் படிப்போருக்கான அரசுத் தேர்வில் முதல் திட்டம் பி1, இரண்டாவது அதற்கு அடுத்த படியான பி2. உங்கள் விசா எந்த வகை என்பதைப் பொறுத்து கட்டாயம் மாறும் என்பதால், உங்களுக்கு எது பொருந்தும் என்று அரசிடமே கேட்டுவிடுங்கள்.

டச்சில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அவமதிப்பு இல்லை, உதவி என்று நினைத்துச் செய்கிறார்கள். நீங்கள் ஒரு நொடி தயங்கியதும் மாற்றிவிடுவார்கள். ரொட்டிக் கடை வரிசையில் உங்கள் முறை வருவதற்குள் வாக்கியத்தை வாயில் தயாராக வைத்திருங்கள். அப்படியும் ஆங்கிலம் வந்தால் இதைச் சொல்லுங்கள்: ‘மஃக் இக் நேடர்லன்ட்ஸ் மெட் யூ ஊஃபன?’ உங்களோடு டச்சுப் பழகலாமா என்று பொருள். பின்னால் பத்துப் பேர் நிற்கும் சனிக்கிழமைக் காலையில் மட்டும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போங்கள்.